சின்ன வங்கி எதனால் சாய்கிறது? – வாசகர் கேள்வி பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் பணம் போட்டு வைக்கிற இடத்தைப் பற்றியது. அதனால் இந்த இதழில் அதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். மற்றக் கேள்விகளை அனுப்பியவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

கேள்வி: அப்பா நெய்வேலியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வந்த பணத்தில் பெரிய பங்கை ஊர்ப்பக்கத்துச் சின்ன வங்கி ஒன்றில் போட்டு வைத்திருக்கிறார். மேனேஜர் தெரிந்தவர், போனால் உட்கார வைத்து டீ வாங்கித் தருகிறார் என்பதுதான் காரணம். இப்படிப்பட்ட வங்கிகள் முழுகுவது விவசாயிகள் கடனைக் கட்டாததால்தானே? – ஒரு வாசகர், குறிஞ்சிப்பாடி

பதில்: விவசாயி கட்டாததால் என்பது பாதி உண்மை, அதிலும் சின்னப் பாதி. நூறு பேருக்குக் கடன் கொடுத்தால் நாலைந்து பேர் எப்படியும் இழுத்தடிப்பார்கள். அதைத் தாங்கத்தான் வங்கிக்கு மூலதனம் என்று ஒன்று இருக்கிறது. சின்ன வங்கிக்கு உண்மையான கண்டம், நூறு பேரும் ஒரே வாரத்தில் கட்ட முடியாமல் போவது.

2011 டிசம்பர் 30ஆம் தேதி காலையில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறியதை நம் பக்கத்தில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். நெல் போனால் ஒரு போகம் போச்சு, அடுத்த போகத்தில் பார்த்துக்கொள்ளலாம். பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்ததே, புதுக் கன்று வைத்து அது பலனுக்கு வர எத்தனை வருஷம் ஆகும் என்று தோப்பு வைத்திருப்பவர்களைக் கேட்டுப் பாருங்கள். இப்போது அந்தச் சுற்றுவட்டாரத்துக்கு மட்டுமே கடன் கொடுக்கிற ஒரு வங்கியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். தோப்புக்காரர் கடன் நிற்கிறது. அவரிடம் முந்திரிக்கொட்டை வாங்கி உடைத்து விற்கிறவர் கடன் நிற்கிறது, அங்கே கொட்டை உடைக்கப் போகிற பெண்களின் குழுக்கடன் நிற்கிறது, லோடு அடிக்கிறவர் வண்டிக்கு வாங்கிய கடன் நிற்கிறது, இவர்களுக்கெல்லாம் கடனுக்குச் சரக்கு போட்ட உரக்கடைக்காரரும் மளிகைக்கடைக்காரரும் தவணை தவறுகிறார்கள். பாஸ்புக் தனித்தனி, கையெழுத்து தனித்தனி, ஆனால் அத்தனையும் ஒரே தோப்பை நம்பிக் கொடுத்த கடன். இது போதாதென்று டெபாசிட் போட்டவர்களும் அதே வாரம்தான் வருவார்கள், கூரை போடவும் படகு சரிசெய்யவும் பணம் வேண்டுமே. வர வேண்டியது வராது, போக வேண்டியது மட்டும் வரிசையில் நிற்கும். கோயம்புத்தூரிலும் ஓசூரிலும் கிளை வைத்திருக்கிற பெரிய வங்கிக்கு இது வருடாந்திர அறிக்கையில் ஒரு வரி, அவ்வளவுதான்.

இது நம் ஊர்ச் சங்கதி மட்டும் இல்லை. அமெரிக்காவில் 1920களில், அதாவது பெருமந்தம் என்கிற உலகப் பொருளாதார வீழ்ச்சி வருவதற்கு முன்பே, ஐந்தாயிரத்துக்கும் மேற்பட்ட வங்கிகள் மூடின, பெரும்பாலும் கிராமப்புறத்துச் சின்ன வங்கிகள். முதல் உலகப்போர் நடந்தபோது கோதுமைக்கு நல்ல விலை, நிலம் விலை ஏறியது, கடன் வாங்கி நிலம் வாங்கினார்கள். போர் முடிந்து மூன்று வருஷத்துக்குள் கோதுமை விலை ஏறக்குறைய பாதியாகிவிட்டது. கடன் மட்டும் அப்படியே இருந்தது. அங்கே பல மாநிலங்களில் வங்கிகள் கிளை திறக்கவே சட்டம் அனுமதிக்கவில்லை, அதனால் ஒரு ஊருக்கு ஒரு வங்கி, அந்த ஊர் விளைச்சல்தான் அதன் தலையெழுத்து. 1900இல் வந்த சட்டப்படி மூவாயிரம் பேருக்குள் இருக்கிற ஊரில் 25,000 டாலர் மூலதனம் இருந்தாலே தேசிய வங்கி (பேர்தான் அப்படி, மத்திய அரசு உரிமம் பெற்ற தனியார் வங்கி) திறக்கலாம். ஒரு மோசமான அறுவடையைத் தாங்க அது எந்த மூலைக்கு? பக்கத்திலேயே கனடா, அங்கேயும் அதே கோதுமை, அதே விலைச்சரிவு. ஆனால் அங்கே கொஞ்சம் வங்கிகள், நாடு முழுக்கக் கிளைகள். 1923இல் ஹோம் பேங்க் என்று ஒன்று விழுந்தது, அப்புறம் வந்த பெருமந்தக் காலம் முழுக்க ஒரு வங்கிகூட விழவில்லை.

சரி, இப்போது உங்கள் அப்பா குடிக்கிற டீக்கு வருகிறேன்.

மேனேஜர் ஊர்க்காரர், எல்லாரையும் தெரியும் என்பது சின்ன வங்கியின் பெரிய பலம். யார் நாணயஸ்தர், யார் வாய்ச்சொல்லில் வீரர் என்று எந்தக் கம்ப்யூட்டரும் சொல்லாததை அவர் சொல்லிவிடுவார். ஆனால் அதே மேனேஜரால் சிலரிடம் முடியாது என்று சொல்லவும் முடியாது. இயக்குநரின் மச்சான் வந்து நிற்கிறார், ரைஸ்மில் முதலாளி வந்து நிற்கிறார், தேர்தல் செலவுக்கு ஆள் வருகிறது. அந்த நாலைந்து பெரிய கடன்தான் ஆயிரம் பயிர்க்கடனைவிட வங்கியை அதிகம் ஆட்டிவைக்கும். மும்பையில் பி.எம்.சி. கூட்டுறவு வங்கி 2019இல் மாட்டிக்கொண்டது ஞாபகம் இருக்கலாம். அது நகரத்து வங்கி, நூற்றுக்கு மேல் கிளைகள் வைத்திருந்தது, ஆனாலும் கொடுத்த கடனில் எழுபது சதவீதத்துக்கும் மேல் ஒரே ஒரு கட்டுமானக் குழுமத்துக்கு. அதை மறைக்க ஆயிரக்கணக்கில் பொய்க் கணக்குகள். டெபாசிட் போட்டவர்களுக்கு முதலில் எவ்வளவு எடுக்கலாம் என்றார்கள் தெரியுமா, ஆறு மாதத்துக்கு ஆயிரம் ரூபாய்!

கடன் கெட்டுப்போவதைவிட, கெட்டுப்போனதை மறைப்பது மோசம். நம் பக்கத்தில் இதற்கு 'புக் அட்ஜஸ்ட்மென்ட்' என்று பேர் வைத்திருக்கிறார்கள். மார்ச் 31 வருகிறது. ஒருவர் வாங்கிய ஒரு லட்சம் வட்டியோடு ஒரு லட்சத்துப் பன்னிரண்டாயிரம் ஆகி நிற்கிறது. காலையில் அந்தக் கடன் முழுதாக அடைந்ததாக ஒரு செலான், மதியம் அதே ஆளுக்கு ஒரு லட்சத்துப் பன்னிரண்டாயிரத்துக்குப் புதுக் கடன் என்று ஒரு வவுச்சர். அவர் வங்கிப் பக்கம் வந்தது இரண்டு கையெழுத்துப் போட மட்டும்தான், ஒரு ரூபாய் நோட்டுகூட கவுண்டரைத் தாண்டவில்லை. கணக்கில் பார்த்தால் வசூல் நூறு சதவீதம், வாராக்கடன் பூஜ்யம், மேனேஜருக்குப் பாராட்டுக் கடிதம். இதே மாதிரி ஐந்து மார்ச் போனால் அந்த வங்கிக்குள் என்ன இருக்கிறது என்று அந்த வங்கிக்கே தெரியாது. புயல், வெள்ளம் என்று வந்தால் பயிர்க்கடனை மத்தியக் காலக் கடனாக மாற்றித் தவணை கொடுக்க ரிசர்வ் வங்கியே வழி வைத்திருக்கிறது. அதை வெளிப்படையாகச் செய்கிற வங்கி நாலு வருஷம் தள்ளாடினாலும் எழுந்துவிடும் என்பது என் கணக்கு. மூடி வைக்கிற வங்கியைப் பற்றி எனக்கு அந்த நம்பிக்கை இல்லை.

நகைக்கடன் என்றால் பத்திரம் என்று நினைக்கிறோம், ஓரளவு நியாயம்தான். ஆனால் அங்கே முழு நம்பிக்கையும் ஒரே ஆள் மேல், உரைகல்லில் உரசிப் பார்த்து இத்தனை கிராம், இவ்வளவு மாற்று என்று எழுதித் தருகிற நகை மதிப்பீட்டாளர் மேல். அவர் பையில் கட்டி சீல் வைத்துவிட்டால் அதற்கப்புறம் பிரித்துப் பார்க்கிறவர் யாருமில்லை. 2021இல் ஐந்து சவரன் வரைக்குமான கூட்டுறவு நகைக்கடன் தள்ளுபடிக்காகத் தமிழ்நாட்டில் பைகளைப் பிரித்துப் பார்த்தபோது சில இடங்களில் போலி நகை வந்ததும், ஒரே ஆள் பல சங்கத்தில் கடன் வாங்கியிருந்ததும் செய்தியாகவே வந்தது.

இன்னொன்று, கேட்கச் சுவாரசியம் இல்லாத காரணம், செலவு. முப்பதாயிரம் ரூபாய் பயிர்க்கடனுக்கும் சிட்டா, அடங்கல், விண்ணப்பம், விசாரணை, வசூலுக்கு நாலு நடை எல்லாம் வேண்டும், முப்பது லட்சத்துக்கும் அதேதான் வேண்டும். வருகிற வட்டியை ஒப்பிட்டுப் பாருங்கள். 1975இல் கிராம வங்கிகளைத் தொடங்கியபோது அடிமட்டத்து மக்களுக்கு மட்டும் கடன் கொடுங்கள், வட்டி குறைவாக வாங்குங்கள், சம்பளமும் உள்ளூர் அளவில் இருக்கட்டும் என்று திட்டம் போட்டார்கள். ஊழியர்கள் வழக்கு நடத்தி, தீர்ப்பாயம் போய், மற்ற வங்கிகளுக்குச் சமமாகச் சம்பளம் வாங்கினார்கள், அது நியாயமும்கூட. ஆனால் வருமானப் பக்கம் மட்டும் பழையபடியே நின்றதால் நிறைய கிராம வங்கிகள் மூலதனத்தையே தின்றுவிட்டு, 1990களின் நடுவில் அரசு மறுபடி பணம் போட்டுத்தான் நிமிர்ந்தன.

ஆக, அப்பாவிடம் டீயை நிறுத்தச் சொல்ல வேண்டாம். பணத்தில் எவ்வளவு அங்கே இருக்கலாம் என்பதைக் கீழே இன்னொரு கேள்வியில் சொல்கிறேன்.

கேள்வி: எங்கள் வங்கியில் இருப்பவர் அத்தனை நல்லவர், சர்ச் பணம், சங்கத்துப் பணம் எல்லாம் அவரிடம்தான் இருக்கும். அப்படிப்பட்டவர் இருந்தாலும் வங்கி விழுமா? – ஒரு வாசகி, கடலூர் முதுநகர்

பதில்: உங்கள் கேள்வியைப் படித்ததும் அமெரிக்காவில் கன்சாஸ் மாநிலத்து எல்கார்ட் என்ற ஊர் நினைவுக்கு வந்துவிட்டது. மக்கள்தொகை இரண்டாயிரத்துக்கும் கீழே, சுற்றிலும் விவசாயம். அங்கிருந்த ஹார்ட்லேண்ட் டிரை-ஸ்டேட் வங்கி 2023 ஜூலையில் மூடப்பட்டது. காரணம் வறட்சியும் இல்லை, விலைச்சரிவும் இல்லை. தலைமை அதிகாரியாக இருந்த ஷான் ஹேன்ஸ் போனில் வந்த கிரிப்டோ (டிஜிட்டல் நாணய) மோசடிக்காரர்களை நம்பி, போட்டதை எடுக்க இன்னும் போடு, இன்னும் போடு என்று அவர்கள் சொல்லச் சொல்ல வங்கிப் பணத்தையே 4.7 கோடி டாலர் அனுப்பிவிட்டார். வங்கிக்கு முன்னால் சர்ச் பணத்திலும் கைவைத்திருக்கிறார். நீங்கள் சர்ச் பணம் என்று எழுதியதால்தான் இதைச் சொல்கிறேன். 2024இல் 24 வருஷத்துக்கு மேல் சிறை என்று தீர்ப்பானது. இதில் கவனிக்க வேண்டியது அந்த ஆளின் முட்டாள்தனத்தை இல்லை. இவ்வளவு பெரிய தொகையை அனுப்பச் சொன்னபோது கீழே இருந்தவர்கள் அனுப்பினார்களே, அதை. ஊரில் மதிப்பான பெரிய மனிதர் சொன்னால் யார் எதிர்த்துக் கேட்பார்கள்? பெரிய வங்கியில் அதற்கென்றே வேறு ஊரில் முகம் தெரியாத ஒருவர் உட்கார்ந்து ஏன், எதற்கு என்று கேட்டுக்கொண்டிருப்பார். பத்துப் பேர் வேலை செய்கிற வங்கியில் அந்த ஆளுக்குச் சம்பளம் கொடுக்க வசதி கிடையாது.

அதே நாட்டில் கீஸ்டோன் என்று ஒரு நிலக்கரி ஊர், சில நூறு பேர்தான். அங்கே இருந்த வங்கி நூறு கோடி டாலர் வங்கியாக வளர்ந்திருப்பதாகக் கணக்குக் காட்டியது, 1999இல் அதிகாரிகள் உள்ளே போனபோது அந்தச் சொத்தில் ஏறக்குறைய பாதி இல்லவே இல்லை. கணக்குப் புத்தகங்களை ஓர் அதிகாரியின் பண்ணையில் குழி வெட்டிப் புதைத்திருந்தார்கள். சில நூறு பேர் ஊரில் இவ்வளவு பெரிய வங்கி எப்படி என்று கேட்டிருக்க வேண்டாமா? ஊருக்குப் பொருந்தாத வேகத்தில் வளர்கிற வங்கியைப் பார்த்தால் எனக்குப் பயம்தான் வரும்.

கேள்வி: பாகூரில் எங்கள் குடும்பத்துக்கே கிராம வங்கிக் கணக்குதான். அதுவும் சின்ன வங்கிதானே, எடுத்துவிடலாமா? – ஒரு வாசகர், பாகூர்

பதில்: வேண்டாம். புதுவை பாரதியார் கிராம வங்கி 2008இல் இந்தியன் வங்கி ஆதரவில் தொடங்கியது. கிராம வங்கிகளில் மத்திய அரசுக்கு நூற்றுக்கு 50 பங்கு, மாநில அரசுக்கு 15, ஆதரவு வங்கிக்கு 35. மூலதனம் குறைந்தால் இந்த மூன்று பேரும்தான் போட வேண்டும், இதுவரை போட்டும் வந்திருக்கிறார்கள். ஒரே வட்டாரத்தை நம்பி இருக்கிற சிக்கலுக்குத்தான் இணைப்பு என்ற மருந்து. ஒரு காலத்தில் நாட்டில் 196 கிராம வங்கிகள் இருந்தன, இணைத்து இணைத்து 2025 மே மாதத்தில் 28 ஆக்கிவிட்டார்கள். தமிழ்நாட்டில் பல்லவனும் பாண்டியனும் சேர்ந்து 2019இல் தமிழ்நாடு கிராம வங்கி ஆனது அப்படித்தான். டெல்டாவில் சம்பா முழுகினாலும் கிருஷ்ணகிரி மாங்காய்க்காரர் கட்டிவிடுவார் என்ற கணக்கு. புதுச்சேரி சின்ன ஊர் என்பது உண்மை, 2024 நவம்பர் கடைசியில் ஃபெங்கல் புயல் வந்தபோது ஒரே நாளில் பாகூரிலிருந்து வில்லியனூர் வரைக்கும் தண்ணீர். ஆனால் பின்னால் நிற்பவர்கள் யார் என்று பார்த்தால் நீங்கள் தூங்கலாம்.

கேள்வி: கடன் தள்ளுபடிதான் கூட்டுறவு வங்கிகளைக் கெடுக்கிறது என்கிறார்கள். உண்மையா? – ஒரு வாசகர், சேத்தியாத்தோப்பு

பதில்: 2021இல் தமிழ்நாடு அரசு தள்ளுபடி செய்த கூட்டுறவுப் பயிர்க்கடன் 12,110 கோடி ரூபாய், 16 லட்சத்துக்கும் மேற்பட்ட விவசாயிகளுக்கு. அந்தப் பணத்தை அரசு சங்கங்களுக்குக் கொடுத்துவிடும் என்பதால் நேரடியாக நஷ்டம் இல்லை. ஆனால் தவணை தவணையாக வரும், அதுவரைக்கும் சங்கம் அடுத்த போகத்துக்குக் கடன் கொடுக்கக் கையில் பணம் வேண்டும். அதைவிடப் பெரிய சேதம் ஒழுங்காகக் கட்டியவர் மனதில் நடக்கிறது. கட்டாத பக்கத்து வயல்காரருக்குத் தள்ளுபடி, கட்டிய எனக்கு என்ன என்று அவர் கேட்பார், அடுத்த தேர்தல் வருஷம் அவரும் கட்ட மாட்டார். அதற்காக விவசாயியைத் திட்டுகிறவர்களோடும் நான் சேரத் தயார் இல்லை. நம் மாவட்டத்திலேயே கரும்பு வெட்டி அனுப்பிவிட்டு ஆலையிலிருந்து பணம் வர வருஷக்கணக்கில் காத்திருந்தவர்கள் எத்தனை பேர்! அவர்கள் கடன் 'வாராக்கடன்' ஆனதற்கு அவர்களா பொறுப்பு?

கேள்வி: கூட்டுறவு சொசைட்டி, நிதி நிறுவனம், வங்கி எல்லாவற்றிலும் ஐந்து லட்சம் காப்பீடு உண்டு என்கிறாரே எங்கள் ஏஜென்ட்? – ஒரு வாசகி, பண்ருட்டி

பதில்: அந்த ஏஜென்டிடம் எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள், மறுநாள் வர மாட்டார்.

வங்கி விழுந்தால் டெபாசிட்டில் ஐந்து லட்சம் வரை திருப்பிக் கொடுக்கிற அந்தக் காப்பீடு வங்கிகளுக்கு மட்டும். வணிக வங்கி, கிராம வங்கி, சிறு நிதி வங்கி, நகரக் கூட்டுறவு வங்கி, மாவட்ட மத்தியக் கூட்டுறவு வங்கி, மாநிலத் தலைமைக் கூட்டுறவு வங்கி எல்லாம் அதற்குள் வரும். ஊரில் 'சொசைட்டி பேங்க்' என்று சொல்கிற தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கம் வராது, அது சட்டப்படி வங்கியே இல்லை. நிதி கம்பெனி வராது, சீட்டு வராது. கடன் கொடுக்கும்போது பிடித்துக்கொள்கிற பங்குத்தொகையும் டெபாசிட் இல்லை, அதற்கும் காப்பீடு கிடையாது. 2020இல் கரூர் லட்சுமி விலாஸ் வங்கியை டி.பி.எஸ். வங்கியோடு இணைத்தபோது டெபாசிட் போட்டவர்களுக்கு ஒரு பைசா போகவில்லை, பங்கு வைத்திருந்தவர்களுக்கு ஒரு பைசா வரவில்லை.

இந்தக் காப்பீடே ஒரு வங்கி விழுந்ததால் வந்தது. 1960இல் கேரளாவில் பாலாய் சென்ட்ரல் வங்கி விழுந்து ஏகப்பட்ட குடும்பங்கள் தெருவுக்கு வந்த பிறகு சட்டம் போட்டு, 1962இல் 1,500 ரூபாய் வரைக்கும் என்று ஆரம்பித்தார்கள். 1993இல் ஒரு லட்சம், 2020 பிப்ரவரியில் ஐந்து லட்சம். அசலும் வட்டியும் சேர்த்துத்தான் ஐந்து. ஒரே வங்கியில் திருப்பாதிரிப்புலியூர் கிளையில் மூன்று, நெல்லிக்குப்பம் கிளையில் நாலு என்று பிரித்துப் போட்டாலும் இரண்டையும் கூட்டித்தான் பார்ப்பார்கள். வேறு வேறு வங்கி என்றால் தனித்தனி. அதே வங்கியில் கணவர் பேரில், மனைவி பேரில், இருவர் பேரிலும் கூட்டாக என்று மூன்று கணக்கு இருந்தால் மூன்றுக்கும் தனித்தனியாக ஐந்து. 2021 திருத்தத்துக்குப் பிறகு, ரிசர்வ் வங்கி ஒரு வங்கியில் பணம் எடுக்கத் தடை போட்டால் காப்பீட்டுத் தொகையை 90 நாளுக்குள் கொடுக்க வேண்டும். முன்பெல்லாம் வங்கியை மூடி, அதன் சொத்தை விற்றுக் கணக்குத் தீர்க்க லிக்விடேட்டர் என்று ஒருவர் வந்து, வருஷக்கணக்கில் அலைய வேண்டியிருந்தது. பிரீமியத்தை வங்கிதான் கட்டும், உங்களிடம் அதற்கென்று பணம் பிடித்தால் புகார் செய்யலாம்.

குறிஞ்சிப்பாடி வாசகர் அப்பாவுக்கும் இதுதான் பதில். அந்த வங்கி காப்பீட்டுக்குள் வருகிறதா என்று முதலில் பாருங்கள், பட்டியல் வைப்புத்தொகைக் காப்பீட்டுக் கழகத்தின் இணையதளத்திலேயே இருக்கிறது. வந்தால், வருகிற வட்டிக்கும் இடம் விட்டு நாலரை லட்சத்துக்குள் அப்பா பேரில், அதே அளவு அம்மா பேரில். மிச்சம் வேறு வங்கிக்கு.

கேள்வி: ஒரு வங்கி ஆட்டம் காண்கிறது என்பதை முன்கூட்டியே எப்படித் தெரிந்துகொள்வது? – ஒரு வாசகர், காரைக்கால்

பதில்: வெளியிலிருந்து முழுக்கத் தெரியாது, ஆய்வாளர்களுக்கே தெரியாமல் போயிருக்கிறது. ஆனாலும் சில விஷயம் கண்ணில் படும். அக்கம்பக்கத்து வங்கிகளைவிட ஒன்றரை, இரண்டு சதவீதம் வட்டி அதிகம் கொடுத்தால் அவர்களுக்குப் பண முடை என்று அர்த்தம். கூட்டுறவு வங்கி என்றால் நீங்கள் உறுப்பினர், பொதுப் பேரவைக் கூட்டத்துக்குப் போய் ஆண்டறிக்கை கேட்டு வாங்குங்கள் (அன்றைக்குக் கொடுக்கிற பாத்திரத்தை வாங்கிக்கொண்டு நழுவுகிறவர்கள்தான் அதிகம்). அதில் நிகர வாராக்கடன் எவ்வளவு, மூலதன விகிதம், அதாவது கொடுத்த கடனோடு ஒப்பிட்டால் வங்கியின் சொந்தப் பணம், குறைந்தது 9 சதவீதமாவது (பெரிய நகரக் கூட்டுறவு வங்கி என்றால் 12) இருக்கிறதா, இயக்குநர்களுக்கும் அவர்கள் சொந்தக்காரர்களுக்கும் கொடுத்த கடன் எவ்வளவு என்று மூன்றை மட்டும் பாருங்கள். தணிக்கை அறிக்கை இரண்டு வருஷம் பின்தங்கியிருந்தால் வேறு எதையும் பார்க்க வேண்டியதில்லை. முதிர்ந்த டெபாசிட்டைக் கேட்டால் "புதுப்பித்துவிடுங்களேன், இப்போது எடுத்தால் நஷ்டம்" என்று திரும்பத் திரும்பச் சொல்கிறார்களா, ஐம்பதாயிரம் எடுக்கப் போனால் நாளைக்கு வரச் சொல்கிறார்களா, அன்றைக்கே எழுதிக் கொடுத்து எடுத்துக்கொண்டு வாருங்கள். வந்து டீக்கடையில் அதைப் பற்றிப் பேச மட்டும் வேண்டாம். நல்லா இருக்கிற வங்கிகூட வதந்தியில் ஒரே நாளில் காலியாகும்.